எதிர் மண்டபத்து மணப்பெண்

எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கறுப்பு என்று நேராகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு மூச்சு அழுது முடித்திருப்பேன். அவர்கள் சொன்னதெல்லாம் ஆறுதல். "கலர் கம்மின்னாலும் மூக்கும் முழியுமா இருக்கா" என்பார் பெரியம்மா. "களையான மொகம்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. உடம்பு பற்றிப் பேச்சு வரும்போல் தெரிந்தால் அம்மாவே முந்திக்கொண்டு, "கொஞ்சம் பூசினாப்ல இருப்பா, அவ்ளோதான்" என்று விடுவாள். திட்டுகிறவர்களைத் திருப்பித் திட்டலாம். ஆறுதல் சொல்கிறவர்களை என்ன செய்வது? காப்பி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

கடலூரில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. நான் ஒரு லேபில் இரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். வருகிறவர்கள் ஊசியைப் பார்த்துப் பயப்படுவார்களே தவிர என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வரன் பார்க்க ஆரம்பித்ததும் என்னை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். போட்டோக்காரர் என்னை நிற்க வைத்தார், உட்கார வைத்தார், தூணில் சாய வைத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "கலர மட்டும் கொஞ்சம் தூக்கி விட்டுடட்டுமாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். போட்டோவில் இருக்கப்போகிறவள் நான் என்பதால் என்னிடம் கேட்கவில்லை.

"தூக்குங்க, நல்லா தூக்குங்க" என்றாள் அம்மா. "தாடையிலயும் கொஞ்சம் கொறைச்சிடுங்க."

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தபோது போட்டோ மேசைமேல் இருந்தது. கையில் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "நல்ல பொண்ணாத்தான் தெரியுது. எந்த ஊரு?" என்று கேட்டார். அம்மா அன்று அவருக்குச் சட்னி வைக்கவில்லை.

இத்தனை பேருக்கும் நடுவில் என் முகத்தைப் பற்றி அபிப்பிராயமே இல்லாத ஒரு மனிதர் இருந்தார். அவர் என் தாய்மாமன், அம்மாவின் தம்பி. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், கடைக்காரர் கிளிப்பச்சையை நான் தொட்டதும், "அந்தக் கலரு பாப்பாவுக்கு எடுக்காதுங்க" என்பார். மாமா அவர் சொன்னதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். "ஒனக்குப் புடிச்சிருக்கா? அப்பறம் என்னா, எடுத்துக்க" என்பார். அழகு என்று அவர் என்னை ஒருநாளும் சொன்னதில்லை. அழகில்லை என்பது போன்ற பார்வையும் அவரிடம் வந்ததில்லை. அவர் எதிரில் மட்டும்தான் நான் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்காமல் உட்காருவேன்.

அந்த மாமா நான்கு வருடத்துக்கு முன் குவைத்துக்கு ஏசி மெக்கானிக் வேலைக்குப் போனார். போன புதிதில் ஒருநாள் வீடியோ காலில் வந்தார். நான் அப்போதுதான் லேபிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன். மாமா திரையில் என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா டல்லா இருக்க? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றார்.

பாசத்தில்தான் கேட்டார். ஆனால் எனக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. அது என் வழக்கமான முகம். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. யார் சொன்னாலும் துடைத்துவிட்டுப் போகிறவள்தான். மாமா சொன்னதைத் துடைக்க முடியவில்லை. மறுநாளே சித்தி பெண்ணிடம் போனைக் கொடுத்து, அவள் வீடியோ காலில் போட்டுக்கொள்கிற அந்த அழகுப் பில்டரை எனக்கும் போட்டுத் தரச் சொன்னேன். கண் பெரிதானது, தாடை ஒடுங்கியது, நிறம் பால் ஊற்றிய டீயாக மாறியது. அடுத்த காலில் மாமா, "இப்பத்தான் தெளிவா இருக்க" என்றார். அதற்குப் பிறகு அவரோடு பேசும்போது ஒருமுறைகூட நான் அதை எடுக்கவில்லை. பில்டர் வேலை செய்ய வெளிச்சம் வேண்டுமென்று டியூப் லைட்டுக்கு நேர்கீழே நின்று பேசுவேன். "ஏன்டி எப்பப் பாத்தாலும் ஹால் நடுவுலயே நிக்கற?" என்று அம்மா கேட்பாள். "சிக்னல்" என்பேன்.

கல்யாணம் சிதம்பரத்தில் முடிவானது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் அதுதான். மின்விசிறி, மிக்சி விற்கும் கடை வைத்திருந்தார். அவர் வீட்டிலிருந்து வந்த போட்டோவில் தலை நிறைய முடி இருந்தது. பெண் பார்க்க வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் முன்னந்தலை முழுக்க வெட்டவெளியாக இருந்தது. நான் காப்பித் தட்டோடு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். தனியாகப் பேச விட்டபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"போட்டோல இருந்த பொண்ணு வீட்ல இல்லீங்களா?"

"அவ வெளிய போயிருக்கா. ஒங்க வீட்டுப் போட்டோல இருந்தவரு?"

"அவருக்கு லீவு கெடைக்கல" என்றார்.

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்கு அந்த நிமிடமே இவர் போதும் என்று தோன்றிவிட்டது. ஆகவே மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. என் பயமெல்லாம் மாமா. நான்கு வருடம் கழித்து ஊருக்கு வரப்போகிறார். வந்து என்னைப் பார்க்கப்போகிறார். பார்த்ததும் ஒரு நொடி அவர் முகம் விழும். அந்த ஒரு நொடியைத்தான் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். லீவு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் முகூர்த்தத்தன்று விடிகாலைதான் சென்னையில் இறங்குகிறார் என்று தெரிந்தது. வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எப்படியும் மேக்கப்போடுதான் பார்ப்பார்.

கல்யாண மண்டபத்துக்கு நேர் எதிரிலும் ஒரு மண்டபம். அங்கேயும் அதே நாள், கிட்டத்தட்ட அதே முகூர்த்தம். இரண்டு வாசலிலும் மாப்பிள்ளைகளின் நண்பர்கள் வைத்த பேனர்கள். எங்கள் பேனரை முதல்நாள் காரிலிருந்து இறங்கும்போது பார்த்தேன். கீழே வரிசையாக நண்பர்கள், கூலிங் கிளாஸோடும் கும்பிட்ட கையோடும், ஒவ்வொருவர் பேருக்கு முன்னாலும் ஒரு பட்டப்பெயர். எங்கள் பெயரைப் போட இடம் மிஞ்சாததால் 'எங்கள் அண்ணன், அண்ணி' என்று முடித்துவிட்டார்கள். அண்ணனுக்குப் புதர்போல முடி முளைத்திருந்தது. அண்ணிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மண்டபத்தின் பெயர்ப் பலகை அந்தப் பேனருக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. எதிர் மண்டபத்திலும் இதே கதை. அங்கே வேறோர் அண்ணன், வேறோர் அண்ணி.

"நல்லாருக்குல்ல?" என்றாள் அம்மா, பேனரை அண்ணாந்து பார்த்து.

"யாரும்மா அது?"

"ஒங்கப்பா மாதிரியே பேசாத."

விடிகாலையில் மேக்கப் போடுகிற அம்மாள் பெரிய பெட்டியோடு வந்தார். என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "ரெண்டு ஷேடு தூக்கிடலாம் மேடம், ஒண்ணும் பிரச்சின இல்ல" என்றார், ஏதோ ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் தைரியம் சொல்வதுபோல. முகத்தைத் தூக்கியதும் கழுத்து தனியாகத் தெரிந்தது. கழுத்தைத் தூக்கியதும் கைகள் யாரிடமோ இரவல் வாங்கியவைபோல் ஆயின. விரல் நுனிவரை பூசினார். கண்ணாடியில் பார்த்தேன். பில்டரில் வருகிற பெண்ணுக்கு அக்காபோல் இருந்தேன். மாமாவுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாதான் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவார்கள். ஜரிகை ஒட்டிய சின்னப் பட்டை. முதல் பட்டம் தாய்மாமன் கட்ட வேண்டும். அவர் கட்டாமல் மற்றவர்கள் தொட மாட்டார்கள். மாமா ஏர்போர்ட்டிலிருந்து அங்கிருந்த வைஃபையில், "எறங்கிட்டேன், கார்ல ஏறிட்டேன்" என்று அவர் மனைவியான என் அத்தைக்கு மெசேஜ் அனுப்பியதோடு சரி. குவைத் சிம் இங்கே எடுக்கவில்லை. "கல்யாணத்துக்கு வர்ற மனுசன் ஒரு சிம்மு வாங்கிப் போட்டா என்ன?" என்று அத்தை மண்டபத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஐயர் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். "பெரியவங்க யாராவது பங்காளி மாமன் இருந்தா கட்டச் சொல்லுங்க" என்று ஒருவர் யோசனை சொன்னார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. அம்மாவைப் பார்த்து எனக்கும் பிடித்துக்கொண்டது. மாமா வந்து பார்ப்பாரே என்று பயந்துகொண்டிருந்தவள், மாமா வராமலே போய்விடுவாரோ என்று அழ ஆரம்பித்தேன். வருடக்கணக்கில் ஒரு மனிதரிடமிருந்து முகத்தை ஒளித்துவிட்டு, அவர் வந்து பார்க்கவில்லையே என்று அழுவது எவ்வளவு கேவலம் என்று அழும்போதே தெரிந்தது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

மேக்கப் அம்மாள் முதலில் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். கன்னத்தில் இரண்டு வாய்க்கால் வெட்டியாகிவிட்டது. "இது சரிப்படாது. மொத்தமா எடுத்துட்டு பேஸ்லேர்ந்து போடணும்" என்று சொல்லி, எண்ணெய் தொட்ட பஞ்சால் முகத்திலும் கழுத்திலும் இருந்த எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டார்.

இதற்குள் மாமா எங்கே போனார் என்பதைப் பிறகுதான் அவர் வாயால் கேட்டோம். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா சரியான நேரத்துக்கே வந்து சேர்ந்திருந்தார். டிரைவர் இரண்டு மண்டபத்துக்கும் நடுவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மாமா ஒரு கையில் சீர்த் தட்டும் மறு கையில் பெட்டியுமாக நின்று இரண்டு பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பேனரில் இருந்தவள் சுண்ணாம்புப் பொம்மை. அப்படி யாரையும் அவருக்குத் தெரியாது. எதிர்ப் பேனரில் இருந்தவளுக்குப் பெரிய கண், ஒடுங்கிய தாடை, பால் டீ நிறம். போனில் தினமும் பார்த்த அக்கா மகள். பக்கத்தில் மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்கும் போட்டோவில் பார்த்ததுபோலவே தலை நிறைய முடி. மாமாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நேராக எதிர் மண்டபத்துக்குள் போனார்.

பன்னீர் தெளித்தார்கள், கற்கண்டு கொடுத்தார்கள். சீர்த் தட்டோடு வந்தவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையே என்று மாமா பார்த்திருக்கிறார். நாம ஊரை விட்டுப் போய் இத்தனை நாளாச்சு, அக்காவும் பெண்டாட்டியும் உள்ளே பெண்ணோடு இருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார். பெண்ணும் மேடைக்கு வந்தாள், பேனரில் இருந்த அதே முகத்தோடு. அந்தப் பெண்ணுக்கும் ஒரு மேக்கப் அம்மாள் இருந்திருப்பார் அல்லவா.

"தாய்மாமன் வாங்க" என்று அங்கே ஐயர் குரல் கொடுத்தார்.

மாமா எழுந்தார். மறுபக்கத்திலிருந்து இன்னொருவரும் எழுந்தார். இரண்டு பேரும் கையில் பட்டத்தோடு, ஒருவர் இந்தப் படியிலும் ஒருவர் அந்தப் படியிலும் மேடை ஏறினார்கள். ஐயர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு ரெண்டு மாமனா? பெரியவர் மொதல்ல கட்டுங்கோ" என்றார். மாமாவுக்குத்தான் வயது அதிகம். கிட்டப் போய்ப் பெண்ணின் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது யாரும்மா?" என்றாள்.

குரல் வேறாக இருந்தது. பில்டரில் முகம்தான் மாறும், குரல் மாறாது. மாமாவுக்கு அங்கேயே வியர்த்துவிட்டது. தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னார். மேடையில் இருந்தவர்கள் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு மொத்தமாகச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் சொந்த மாமா நல்ல மனிதர். "இருக்கட்டுங்க அண்ணே, வந்தது வந்துட்டீங்க, அட்சதையப் போட்டுட்டுப் போங்க" என்று பூவும் அரிசியும் எடுத்துக் கையில் கொடுத்தார். மாமா அந்தப் பெண்ணை ஆசீர்வாதம் செய்துவிட்டுத் தட்டையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடிவந்தார்.

மணப்பெண் அறைக் கதவு திறந்தபோது நான் முகத்தில் ஒன்றும் இல்லாமல், எண்ணெய் மினுக்க, அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா வாசல் பக்கம் போயிருந்தாள். மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். ஒருதடவை பட்டவர் அல்லவா, இந்தத் தடவை மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா, பொண்ணு எங்கம்மா?"

நான் எந்த நொடிக்காக அத்தனை நாளும் டியூப் லைட்டுக்குக் கீழே நின்றேனோ, அந்த நொடி வந்துவிட்டது. பட்டுப்புடவையும் நகையுமாக அந்த அறையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். என்னிடமே கேட்கிறார்.

"மாமா" என்றேன்.

மாமா பெட்டியைக் கீழே வைத்தார். கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவர் முகம் விழும் என்று காத்திருந்தேன். அது விழவில்லை. தொலைந்த சாவியைக் கண்டெடுத்தவர்போல் ஒரு பெருமூச்சு விட்டார்.

"நீ இங்கதான் இருக்கியா?" என்றார். "போன்ல பாக்கறப்பல்லாம் புள்ள மாறிக்கிட்டே போறாளேன்னு நெனைப்பேம்மா. நாம ஊர்ல இல்ல, கூட இருந்து பாக்கல, அதான் அடையாளமே தெரியலன்னு மனசு அடிச்சிக்கும். யார்கிட்டயும் சொல்லல."

"அது பில்டர் மாமா."

"அப்டின்னா?"

சொன்னேன். போனில் ஒரு பொத்தான் என்றேன். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அந்தப் பொத்தானாலதான் எவனோ ஊட்டு மேடையில ஏறி நின்னனா நானு?"

அத்தை குரல் கேட்டு ஓடிவந்து அவரைத் திட்ட ஆரம்பித்தார். அம்மா வந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேக்கப் அம்மாள் டப்பாவைத் திறந்து, "இருபது நிமிஷம் குடுங்க, பழையபடி கொண்டாந்துடறேன்" என்றார்.

"ஐயோ வேணாங்க" என்று மாமா பதறினார். "மறுபடி மாத்திடாதீங்க. மேடைல எனக்கு அடையாளம் தெரியாம போயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உண்மையிலேயே பயந்துபோய்த்தான் சொன்னார். வெளியே ஐயர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா மேக்கப் அம்மாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து முகத்தைத் தண்ணீரில் கழுவி, புடவைத் தலைப்பால் துடைத்து, பொட்டு வைத்துக்கொண்டேன். கைகள் மட்டும் இரண்டு ஷேடு மேலேயே இருந்தன. அவற்றைக் கழுவ நேரமில்லை.

மேடைக்குப் போகும்போது கூட்டத்தில் ஒரு சின்ன சலசலப்பு எழுந்தது. பேனரில் பார்த்த அண்ணியைத் தேடியிருப்பார்கள். எனக்குக் காது சுட்டது. வயிற்றைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டேன். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுமா என்ன.

மாப்பிள்ளையும் மாமாவும் ஒருவரையொருவர் நேரிலோ போனிலோ பார்த்ததில்லை. மாமா வீடியோ காலில் வரும் நேரம் கடையில் வியாபார நேரம். மேடைக்குக் கீழே எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களுமாகப் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். மாமா அவர்களுக்கு நடுவில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஏறலாமா கூடாதா என்று படியிலேயே தயங்கினார். யாராவது கூப்பிட்டால்தான் ஏறுவார் போலிருந்தது.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"வாங்க மாமா, ஏறி வாங்க" என்றார், சரியாக அவரைப் பார்த்து. "ஒங்களுக்குத்தான் வெய்ட்டிங்."

மாமா மேலே வந்து, இன்னும் சந்தேகம் தீராமல் கேட்டார். "நான்தான் மாமன்னு எப்பிடி மாப்ள தெரியும்? யாரும் சொல்லலியே?"

"இத யாராவது சொல்லணுமா?" என்றார் மாப்பிள்ளை. "பொண்ணு மொகத்த அப்பிடியே வெச்சிருக்கீங்களே."

மாமா என் பக்கம் திரும்பினார். அந்த அகன்ற தாடையும், தடித்த புருவமும், வெயிலே தோற்றுப்போகும் நிறமும் எனக்கு எதிரில் நின்றன. பிறகு அவர் ஐயரிடம், "கேட்டுக்குங்க சாமி" என்றார். ஐயர் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. கீழே நின்ற அத்தையிடம், "கேட்டியா, இவரு சொன்னத?" என்றார். நாகஸ்வரக்காரரைக்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் மோவாயைத் தொட்டு நிமிர்த்தி, நெற்றியில் பட்டத்தை வைத்துக் கட்டினார். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கட்டியதால் முடிச்சு சரியாக விழவில்லை. என் முகத்துக்காக ஒருவர் பெருமைப்பட்டு அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அதுவும், அது அவருடைய முகம் என்பதற்காக.